ஆட்டுக்குட்டியை வளர்ப்பது கொட்டகை அல்ல

தலைப்பிலேயே கருத்தைச் சொல்லிட்டேன். அவசரமா ஆணி புடுங்கப் போறவங்க இத்தோட கிளம்பலாம் :-) மத்தவங்க கொஞ்சம் உட்காருங்க, இது கொஞ்சம் நீளமான பதிவு.

பொட்டி தட்டுற கூட்டத்துல இப்ப ஆட்டுப்பண்ணை ஆசை பலமா அடிக்குது. நாலு பேர் டீ குடிக்கப் போனா அதுல ஒருத்தர் யூடியூப்ல பார்த்த பண்ணையைப் பத்திப் பேசறார். தரையிலிருந்து நாலஞ்சு அடி உசரத்துல பரண், பிளாஸ்டிக் பலகை, மேல தகரக் கூரை, உள்ளே வரிசையா ஆடுங்க. பார்க்க நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கும், அதனாலதான் நமக்குப் பிடிக்குதோ என்னவோ.

என் நண்பர் ஒருத்தர் ஒரு படி மேல போய் எக்செல் ஷீட்டே போட்டுட்டார். 50 தாய் செம்மறி, 2 கிடா. மொத்த முதல் 10 லட்சம், அதுல கொட்டகைக்கு மட்டும் ஆறரை லட்சம். வேலையை விட்டா வரப்போற பி.எஃப். பணமும், வீட்டுக்காரம்மா நகையும்தான் அந்தப் பத்து லட்சம். ஷீட்டோட உயிர்நாடி ஒரே ஒரு கட்டத்துல இருந்தது: "3 மாதக் குட்டி எடை - 18 கிலோ". மீதி எல்லாக் கணக்கும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஓடுது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். நம்ம ஊர் மேச்சேரி குட்டி பிறக்கும்போது ரெண்டேகால், ரெண்டரை கிலோ இருக்கும். 90 நாள்ல 18 கிலோ ஆகணும்னா நாளுக்கு 170 கிராமுக்கு மேல ஏறணும். நம்ம நாட்டுச் செம்மறிக்கு நல்ல கவனிப்புல நாளுக்கு 100 கிராம் ஏறினாலே அது முதல் வகுப்பு. 90 நாளுக்கு 9 கிலோ, பிறந்த எடையையும் சேர்த்தா பதினொன்றரை. கவனிப்பு குறைஞ்சா 60, 70 கிராம்ல நிக்கும், அப்ப மூணு மாசத்துல எட்டு, எட்டரை கிலோதான். ஒரே ரத்தம், ஒரே கிடாவோட குட்டிங்க. ஆனா ஒண்ணு பதினொண்ணரை, இன்னொண்ணு எட்டு. இந்த மூணரை கிலோவை யார் தீர்மானிக்கிறாங்கறதுதான் கேள்வி.

"நல்ல ஜாதி ஆடா வாங்கினா போதும் பாஸ்"னு ஒரு கட்சி இருக்கு. ஜாதி வேணாம்னு நான் சொல்லலை. ஆனா பால் மறக்கிற வயசுல குட்டி இருக்கிற எடையில, பரம்பரையோட நேரடிப் பங்கு பொதுவா 10 முதல் 25 சதவீதம்தான்னு இனவிருத்தி ஆராய்ச்சி செய்யறவங்க கணக்குச் சொல்றாங்க. மீதி எல்லாம் குட்டி எந்தப் பருவத்துல பிறந்தது, ஒத்தைக் குட்டியா ரெட்டைக் குட்டியா, தாய்க்கு எத்தனாவது ஈத்து, தாயோட உடம்பு எப்படி, பட்டி எப்படி, தீனி எப்படிங்கிற விஷயங்கள். சேலம் மாவட்டம் பொட்டனேரியில மேச்சேரி ஆட்டுக்குன்னே 1978-லிருந்து ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கேயும் சரி, காட்டுப்பாக்கம், ராஜஸ்தான் அவிகாநகர்னு எங்கேயும் சரி, குட்டி வளர்ச்சியைக் கணக்குப் பார்க்கிறவங்க பிறந்த ஆண்டையும் பருவத்தையும் கழிச்சுட்டுத்தான் கிடாவோட தரத்தைப் பேசுவாங்க. சூழல் அவ்வளவு சத்தமா பேசுது, அதை அடக்கினாதான் ரத்தத்தோட குரல் கேட்கும்.

மகாராஷ்டிரா பல்டன்ல நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் சுந்தரவனத்து கரோல் ஆட்டிலிருந்து ரெட்டைக் குட்டி போடற மரபணுவை தக்காண ஆட்டுக்குள்ள கொண்டு வந்து 'நாரி சுவர்ணா'ன்னு ஒரு ஆட்டை உருவாக்கினாங்க. அருமையான வேலை. ஆனா மரபணு ரெண்டு குட்டியைக் கொடுக்கும், ரெண்டாவது குட்டிக்கான பாலை அதே மரபணு கொடுக்காது. அதுக்குத் தாய்க்குத் தீனி வைக்கணும்.

சரி, சூழல் சூழல்னு சொல்றியே, அது என்னன்னு கேட்கறீங்களா? நம்மாளுங்க சூழல்னா கட்டடம்னு நினைக்கிறாங்க. குட்டியோட கணக்குல கட்டடம் கடைசியில வருது. வரிசையா சொல்றேன்.

முதல் சூழல் தாயோட வயிறு. செம்மறிக்குச் சினைக்காலம் அஞ்சு மாசம், ஏறக்குறைய 150 நாள். குட்டியோட பிறப்பு எடையில மூணுல ரெண்டு பங்கு கடைசி 50 நாள்லதான் ஏறுது. மடியில பால் ஊறுறதுக்கான தயாரிப்பும் அப்பதான். அந்த 50 நாள் சித்திரை, வைகாசி வெயில்ல விழுந்து, புல்லும் இல்லாம, நிழலும் இல்லாம போச்சுன்னா குட்டி ஒன்றரை கிலோவா பிறக்கும். வெயிலே தனியா ஒரு வேலை பண்ணுது. சினை ஆடு சூட்டுல தவிக்கும்போது ரத்தம் உடம்பைக் குளுமையாக்கத் தோல் பக்கம் போகுது, நச்சுக்கொடிக்குப் போற ரத்தம் குறையுது. தீனி சரியா இருந்தாலும் குட்டி சிறுத்துப் போகும். பிறக்கும்போது இல்லாத எடையைப் பின்னாடி எந்தப் பரணும் கொடுக்காது.

ரெண்டாவது, முதல் 24 மணி நேரம். மனுசக் குழந்தைக்குத் தாய் வயித்துலயே நோய் எதிர்ப்புச் சத்து கொஞ்சம் வந்துடும். செம்மறிக்கு அந்த வழி கிடையாது. குட்டி வெறுங்கையோட பிறக்குது. சீம்பால்லதான் எல்லாம் இருக்கு. அதை அப்படியே ரத்தத்துக்குள்ள எடுத்துக்கிற கதவு குடல்ல ஒரு நாள்தான் திறந்திருக்கும், மணிக்கு மணி மூடிக்கிட்டே வரும். முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே குடிக்க ஆரம்பிக்கணும், நாள் முடியறதுக்குள்ள உடம்பு எடையில பத்துல ஒரு பங்காவது உள்ளே போயிருக்கணும். ரெண்டரை கிலோ குட்டிக்கு 250 மில்லி. இதே நேரத்துலதான் தாய் குட்டியை நக்கி நக்கி வாடையை மனசுல பதிய வச்சுக்குது. நெருக்கமான கொட்டகையில 50 ஆட்டுக்கு நடுவுல ஈன்றா, குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். அப்புறம் தாய் அதைச் சேர்க்காது. ரெண்டு படலை வச்சு ஒரு மூலையில ரெண்டு நாளைக்குத் தாயையும் குட்டியையும் தனியா மறிச்சு விட்டாப் போதும். செலவு எவ்வளவு? கிட்டத்தட்ட பூஜ்யம்.

மூணாவது, ஈரம். ஐப்பசி அடைமழையில பிறக்கிற குட்டியை நினைச்சுப் பாருங்க. நனைஞ்ச உடம்பு, அதுலயும் காத்து. பிறந்த குட்டிக்கு உடம்புக்குள்ள எரிச்சுக் குளிர் காயற மாதிரி ஒரு பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் இருக்கும். அது சில மணி நேரத்துக்குத்தான். அதுக்குள்ள பால் போகலைன்னா விறைச்சுடும். பிழைச்சுக்கிட்ட குட்டிக்கும் அடுத்த ஆபத்து அதே ஈரத்துலதான் இருக்கு. மூணு வாரத்திலிருந்து ரெண்டு மாசம் வரைக்கும் வர்ற ரத்தக் கழிச்சல் இருக்கே, அந்த ஒட்டுண்ணியோட முட்டை சூடும் ஈரமுமா கிடக்கிற புழுக்கையில சில நாள்லயே நோய் பரப்பத் தயாராகிடும். காய்ஞ்ச தரையில அதால ஒண்ணும் பெருசா பண்ண முடியாது. ஒரு வாரம் கழிஞ்ச குட்டி அப்புறம் உயிரோட இருக்கும், ஆனா குடல் சுவர் புண்ணாகிப் போனதால தின்னது உடம்புல ஒட்டாது. சந்தையில "சவலை"ன்னு தள்ளி விடற குட்டிங்க பாதிக்குப் பின்னாடி இப்படி ஒரு ஈரத் தரை இருக்கும்.

நாலாவது, காத்து. இதை யாரும் ஷீட்ல போடறதில்லை. மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து அழுகினா அமோனியா கிளம்பும். நாம நின்னுக்கிட்டு மூச்சு விடறோம், நமக்கு "லேசா வாடை அடிக்குது" அவ்வளவுதான். குட்டி தரையிலிருந்து ஒரு அடியில, அதுவும் ராத்திரி முழுக்க படுத்துக்கிட்டு மூச்சு விடுது. மூச்சுக்குழாயில தூசியையும் கிருமியையும் மேல தள்ளி விடற நுண்ணிய முடிகள் அந்தப் புகையில செயலிழந்து போகும், அப்புறம் இருமல், சளி, நிமோனியா. பண்ணை பார்க்கப் போனா காலையில கதவைத் திறந்த உடனே உள்ளே போய்க் குத்த வச்சு உட்கார்ந்து ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க. கண்ணு எரிஞ்சா அந்தப் பண்ணையில குட்டி எடை ஏறாது, ஓனர் என்ன சொன்னாலும் சரி.

அஞ்சாவது, தீனி. குட்டி பிறக்கும்போது அசைபோடற வயிறு வேலை செய்யாது. பால் அந்த வயித்தைத் தாண்டி நேரா நாலாவது அறைக்குப் போயிடும். குட்டி புல்லையும் தீவனத்தையும் கொறிக்க ஆரம்பிச்ச பிறகு, அது புளிக்கிறதுல வர்ற அமிலங்கள்தான் முதல் வயித்தை வளர்த்து விடுது. ஆரம்ப வாரங்கள்ல ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய அஞ்சு லிட்டர் பால் வேணும். நாளுக்கு 100 கிராம்னா அரை லிட்டர். நம்ம நாட்டு ஆட்டு மடிக்கு அதுவே பெரிய வேலை, ரெட்டைக் குட்டின்னா கேட்கவே வேணாம். அதனால ரெண்டு வாரத்திலிருந்தே குட்டி மட்டும் நுழையற சந்து விட்ட ஒரு தடுப்பு வச்சு, உள்ளே கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் உடைச்ச சோளமும் தவிடும் தாது உப்பும் கலந்து, 20 சதவீதத்துக்குப் பக்கமா புரதம் இருக்கிற மாதிரி வைக்கணும். பக்கத்துல ஒரு கொத்து அகத்தியோ சூபாபுலோ கட்டித் தொங்க விடணும். பால் வத்தும்போது தாங்கிப் பிடிக்கப் போறது இதுதான்.

ஆறாவது, மேய்ச்சல் நிலம். மழைக்குப் பிறகு பச்சைப் பசேல்னு இருக்கிற காடு கண்ணுக்கு அழகு, குட்டிக்கு ஆபத்து. வயித்துல ரத்தம் உறிஞ்சற உருண்டைப்புழு ஒண்ணு இருக்கு. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தா 50 மில்லி. பத்து கிலோ குட்டி உடம்புல மொத்த ரத்தமே முக்கால் லிட்டருக்கு மேல இருக்காது. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. தாடைக்குக் கீழே வீங்கி, கண் இமை வெளுத்துப் போன குட்டிக்கு எவ்வளவு தீவனம் வச்சாலும் அது புழுவுக்குத்தான் வளர்ப்பு. பனி காய்ஞ்ச பிறகு ஓட்டறது, ஒரே வயல்ல திரும்பத் திரும்ப விடாம மாத்தி விடறது, குட்டிக்குச் சுத்தமான வயலை முதல்ல கொடுக்கிறது, மருத்துவரைக் கேட்டு நேரத்துக்குப் புழு நீக்கறது. இதெல்லாம் சூழல்தான்.

இந்த ஆறுல பரண் எதைத் தீர்க்குது? நேர்மையா சொல்லணும்னா மூணாவதை நல்லாவே தீர்க்குது. புழுக்கை கீழே விழுந்துடும், தரை காய்ஞ்சிருக்கும், கழிச்சல் குறையும். அதுக்கு மரியாதை கொடுத்துத்தான் ஆகணும். கூடவே சில தொல்லைகளையும் கொண்டு வருது. பலகை இடைவெளி பெரிய ஆட்டுக்கு அளவெடுத்தது, பிறந்த குட்டி கால் உள்ளே போய் மாட்டும். கீழே விழுந்த புழுக்கையை வாரக்கணக்குல வாராம விட்டா, அமோனியா கீழேயிருந்து நேரா குட்டி மூக்குக்கு வரும். மார்கழி ராத்திரியில அடியிலிருந்து வர்ற குளிர்காத்து இன்னொண்ணு. மேல தகரம் போட்டிருந்தா மதியம் அடுப்பு. முதல் சூழலுக்கும், ரெண்டாவதுக்கும், அஞ்சாவதுக்கும், ஆறாவதுக்கும் பரணால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. பத்து லட்சத்துல ஆறரை லட்சத்தை ஆறுல ஒரு பங்குக்கு வச்சுட்டு, மீதி அஞ்சுக்கும் "இதர செலவுகள்"னு ஒரு வரி போட்டா எப்படி?

ஏன் எல்லாரும் கட்டடத்துலயே விழறாங்கன்னு யோசிச்சேன். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், போட்டோ எடுக்கலாம், விக்கிறதுக்குக் கம்பெனிகள் இருக்கு. சினை ஆட்டுக்கு வைக்கிற புண்ணாக்கை யார் விளம்பரம் பண்ணப் போறாங்க? சர்க்காரும் அதே வழிதான். 2021-ல் மாத்தியமைச்ச தேசிய கால்நடை இயக்கத்துல ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீதம் மூலதன மானியம், அதிகபட்சம் 50 லட்சம்னு அறிவிச்சாங்க. மூலதனம்னாலே நிலைச்சு நிக்கிற சொத்துதானே. மாசா மாசம் ஆகுற நடைமுறைச் செலவுக்கு அதுல இடம் இல்லை. மானியம் போற பக்கம்தான் கடனும் போகும், கடன் போற பக்கம்தான் கான்கிரீட்டும் போகும். 2019 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல இருக்கிற செம்மறி ஏறக்குறைய 45 லட்சம். அதுல பெரும்பகுதி பத்து, இருபதுன்னு வச்சிருக்கிற வீடுகள்ல இருக்கு. அவங்களுக்குத் தேவை கடைசி 50 நாளைக்கு ஒரு மூட்டை தீவனம், மழைக்கு முன்னாடி தடுப்பூசி, மேய்க்க ஒரு துண்டுப் புறம்போக்கு. இதுக்கு எந்தத் திட்டத்துலயும் ரிப்பன் வெட்ட முடியாது.

இதுக்கு எதிர்க்கட்சியும் ஒண்ணு இருக்கு. "அந்தக் காலத்துல பரணா இருந்துச்சு? பட்டியில கிடந்து வளரலையா?"ன்னு கேட்கிற கட்சி. அவங்களோடயும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தெற்குப் பக்கம் கிடை போடறவங்க குட்டிங்களைக் குடாப்புக்குள்ள கவுத்து வச்சுட்டு ஆட்டை மேய்க்கப் போவாங்க. நரிக்கும் வெயிலுக்கும் அது நல்ல பாதுகாப்பு. ஆனா பகல் முழுக்க குட்டிக்குப் பாலும் இல்லை, தண்ணியும் இல்லை. குட்டி சாகிறதை "சாமி எடுத்துக்கிச்சு"ன்னு விட்டுடற பழக்கமும் அந்தக் காலத்துதான். அதே சமயம், படலைத் தூக்கி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வயல் மாத்திப் போடற ஏற்பாடு இருக்கே, அது ஈரம், அமோனியா, கழிச்சல் மூணையும் ஒரே கல்லுல அடிச்சது. இன்னைக்கு மாத்திப் போட நிலம் இல்லாம ஒரே இடத்துல பத்து வருஷமா பட்டி கிடக்கிறதாலதான் அதே முறை இப்ப நோய் கொடுக்குது. பழைய முறை கெட்டுப் போகலை, அதோட ஒரு கால் உடைஞ்சு போச்சு.

என் தாய்மாமா மூலனூர் பக்கம் கொறங்காட்டுல அறுபது உருப்படி வச்சிருக்கார். கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுத்தி கிளுவை வேலி. கீத்துக் கொட்டாயி, மண் தரை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொடுத்து, "வாராவாரம் குட்டியை நிறுத்து எழுதி வைங்க மாமா"ன்னு சொன்னேன். முதல்ல சிரிச்சார். இப்ப நோட்டு மூணாவது ஓடுது. அந்த நோட்டைப் பார்த்துட்டு அவரா எடுத்த முடிவு, கிடாவை ஆவணியில சேர்க்கிறது. அஞ்சு மாசம் கழிச்சுத் தையில குட்டி விழும். அடைமழை முடிஞ்சிருக்கும், காட்டுல புல் மிச்சம் இருக்கும், தரை காய்ஞ்சிருக்கும். ஐப்பசிக் குட்டியையும் தைக் குட்டியையும் நோட்டுல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, மூணு மாசத்துல ரெண்டு கிலோவுக்கு மேல வித்தியாசம். அதே கிடா, அதே கொட்டாயி.

பரண் போடலாமான்னு நானும் ஒரு தடவை அவர்கிட்ட கேட்டேன். "கொட்டாயி குட்டிய வளத்தாது மாப்ள. தாயி தான் வளத்தோணும். கொட்டாயி மழைக்கும் நரிக்கும்"னார். தலைப்பு அங்கேயிருந்து சுட்டதுதான், ராயல்டி கேட்க மாட்டார் :-)

ஆக, பணம் போடப் போற நண்பர்களுக்கு என்னோட கருத்து இது. முதல் வருஷம் பத்து ஆட்டோட ஆரம்பிங்க. கொட்டகையை ஓலையிலயோ கீத்துலயோ போடுங்க, நீளவாக்கு கிழக்கு மேற்கா இருக்கட்டும், அப்பதான் வெயில் பக்கவாட்டுல உள்ளே நுழையாது. பெரிய ஆட்டுக்கு 10லிருந்து 15 சதுர அடி, குட்டிக்கு நாலஞ்சு சதுர அடி விடுங்க. தரையை மேடாக்கி மணல் கொட்டுங்க, நனைஞ்சா மாத்துங்க. கொட்டகையில மிச்சமான காசைத் தீவனப் பயிருக்கும் சினை ஆட்டுக்கும் தண்ணித் தொட்டிக்கும் போடுங்க. தராசு ஒண்ணு வாங்குங்க. ஒரு வருஷம் நிறுத்து எழுதின எண்களை ஷீட்ல போட்டுப் பார்த்துட்டு, அப்பவும் ஈரம்தான் உங்க இடத்துப் பிரச்சினைன்னு தெரிஞ்சா தாராளமா பரண் போடுங்க, நானே வந்து ஆணி அடிச்சுத் தர்றேன். அந்த ஆணி புடுங்கற ஆணி இல்லை.

அதுவரைக்கும் வேலையை விட வேணாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

டிஸ்கி 1: இது செம்மறிக்கு எழுதினது. வெள்ளாடு வேற குணம், ஈரத்தை அது இன்னும் மோசமா வெறுக்கும், அதுக்குப் பரண் வாதம் கொஞ்சம் பலமானது.

டிஸ்கி 2: மருந்து, தடுப்பூசி விஷயத்துக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்க, பொட்டி தட்டுறவனைக் கேட்காதீங்க. பரண் போட்டு நல்லா ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க பின்னூட்டத்துல மூணு மாச எடையோட வாங்க, பேசுவோம். எடை இல்லாம வந்தா கும்மி மட்டும்தான் அடிக்க முடியும்.